துயரத்தில் விரிக்கும் சீட்டு: டாரட் பற்றிய பழைய கேள்வியும் அதன் விடைகளும்

ஜூலியஸ் சீசர் கொலையுண்ட கி.மு. 44இல், ரோமானிய அறிஞர் சிசரோ நிமித்தம் பார்ப்பதைப் பற்றிய தம் உரையாடல் நூலை வெளியிட்டார். முதல் பகுதியில் தம்பி குவின்டஸ் பேசுகிறார். தெய்வங்கள் உண்டென்றால், அவற்றுக்கு மனிதர்மீது பரிவும் உண்டென்றால், வரப்போவதை ஏதாவது ஒரு வகையில் உணர்த்தாமல் விடுமா என்பது அவர் கேள்வி. ஸ்தோயிக் தத்துவவாதிகளின் வாதம் இது. இரண்டாம் பகுதியில் சிசரோ மறுக்கிறார். நடப்பதெல்லாம் விதித்தபடி என்றால் முன்னே அறிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. தற்செயல் என்றால் அறியவே வழியில்லை. பிரைனெஸ்தே நகரக் கோயிலில் எழுத்துப் பொறித்த மரத்துண்டுகளைக் கலக்கி, ஒரு சிறுவனை எடுக்கச் சொல்லிக் குறி பார்த்ததையும் அவர் விட்டுவைக்கவில்லை. இத்தனைக்கும் சிசரோவே ரோமின் அரசு நிமித்திகர் குழுவில் உறுப்பினர். வாதத்தில் தோற்ற வழக்கம் வாழ்வில் தோற்பதில்லை என்பதற்கு அவரே சாட்சி.

மரத்துண்டு இருந்த இடத்தில் இன்று 78 படச்சீட்டுகள் இருக்கின்றன. வேலை போனவர், மணமுறிவில் நிற்பவர், நெருங்கியவரை இழந்தவர் என்று பலர் டாரட் சீட்டுகளைக் கலைத்து, ஒரு வரிசையில் விரித்து, வழி கேட்கிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பது என்ன என்ற கேள்விக்குக் கடந்த இருநூற்றைம்பது ஆண்டுகளில் பல விடைகள் வந்துள்ளன. சீட்டுக்கு ஏதோ தெரியும் என்பது ஒன்று. தெரியாவிட்டாலும் பயன் உண்டு என்பது இன்னொன்று. இவ்விரண்டும் அடிக்கடி ஒன்றன் ஆடையை மற்றொன்று உடுத்திக்கொள்வதுதான் இந்த விவாதத்தின் பெரிய குழப்பம்.

விளையாட்டுச் சீட்டு குறிச்சீட்டான கதை

சீட்டுக்கட்டு ஐரோப்பாவுக்கு 1370களில் வந்தது. மம்லுக் சுல்தான்கள் ஆண்ட எகிப்தின் சீட்டுகளில் கிண்ணம், காசு, வாள், போலோ மட்டை என நான்கு இனங்கள் இருந்தன. இத்தாலியர்கள் மட்டையைத் தடியாக்கிக்கொண்டனர். 1440 வாக்கில் வட இத்தாலியில் இந்தக் கட்டோடு தனியாக ஒரு வெற்றிச்சீட்டு வரிசை சேர்ந்தது. பேரரசன், போப், காதல், மரணம், சூரியன் போன்ற உருவங்கள் அதில் இருந்தன. மிலான் பிரபுக்களான விஸ்கோந்தி, ஸ்ஃபோர்ஸா குடும்பங்களுக்காகப் பொன்தாள் ஒட்டி வரைந்த சீட்டுகளில் கணிசமானவை இன்று நியூயார்க்கின் மோர்கன் நூலகத்திலும் பெர்காமோவின் கர்ராரா கலைக்கூடத்திலும் இருக்கின்றன. அவை ஆடுவதற்காகச் செய்தவை. பிரான்ஸிலும் ஆஸ்திரியாவிலும் அந்த ஆட்டம் இன்றும் நடக்கிறது. மனத்தின் அடியாழத்தைத் தேடிய ஃபிராய்டு வியன்னாவில் சனிக்கிழமை மாலைகளில் நண்பர்களோடு, தாரோக் எனப்படும் அந்த ஆட்டத்தை ஆடியவர். அவர் அந்தச் சீட்டுகளிடம் எதையும் கேட்டதில்லை, பிடி எடுக்கத்தான் பார்த்தார்.

குறி சொல்ல டாரட்டைப் பயன்படுத்தியதற்கான தெளிவான தடயம் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், போலோஞ்ஞா நகரத்துக் கையெழுத்துக் குறிப்பொன்றில்தான் கிடைக்கிறது. திருப்பம் நேர்ந்தது 1781இல். அந்த ஆண்டு வெளிவந்த தம் கலைக்களஞ்சியத் தொகுதியில் பிரெஞ்சுப் பாதிரியார் கூர் தெ ஜெபலின், இந்தச் சீட்டுகள் எகிப்தியப் பூசாரிகள் மறைத்துவைத்த ஞானநூல் என்று அறிவித்தார். எகிப்தியச் சித்திர எழுத்தை அப்போது யாராலும் வாசிக்க முடியாது. ஷம்பொல்லியோன் அதை அவிழ்த்தது 1822இல். அவிழ்த்த பிறகு கிடைத்த எந்த எகிப்திய ஏட்டிலும் டாரட் இல்லை. அதற்குள் கதை ஊன்றிவிட்டது. எத்தேயா என்ற புனைபெயரில் எழுதிய பாரிஸ்காரர் அல்லியேத், குறிக்கென்றே தனிக் கட்டு அச்சிட்டார். 1850களில் பிரெஞ்சு மறைஞானி எலிஃபாஸ் லெவி 22 வெற்றிச்சீட்டுகளையும் 22 எபிரேய எழுத்துகளோடு பொருத்தினார். 1888இல் லண்டனில் தோன்றிய 'கோல்டன் டான்' என்ற மறைஞானச் சங்கம் இவற்றோடு சோதிடத்தையும் சேர்த்துப் பின்னியது.

இன்று நாம் பார்க்கும் டாரட்டின் முகம் அந்தச் சங்கத்தைச் சேர்ந்த இருவரிடமிருந்து வந்தது. ஆர்தர் எட்வர்ட் வெய்ட் கருத்தைச் சொல்ல, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த கட்டை 1909இல் ரைடர் நிறுவனம் வெளியிட்டது. அதுவரை வந்த கட்டுகள் பெரும்பாலானவற்றில் எண்சீட்டுகளில் ஐந்து கிண்ணம், ஒன்பது வாள் என்று பொருள்களின் எண்ணிக்கை மட்டுமே இருக்கும். ஸ்மித் ஒவ்வொன்றுக்கும் மனிதர் உள்ள ஒரு காட்சி வரைந்தார். கவிழ்ந்த கிண்ணங்களைப் பார்த்துத் தலைகுனிந்து நிற்கும் கறுப்பு அங்கிக்காரர், நள்ளிரவில் எழுந்து முகத்தைப் பொத்திக்கொண்டிருக்கும் பெண் என்று துயரத்துக்கு ஒரு பட அகராதியே உருவானது. டாரட் பின்னாளில் ஆறுதல் தேடுவோர் கைக்குப் போனதில், என் மதிப்பீட்டில், எல்லா மறைஞானிகளையும்விட இந்த ஓவியருக்குத்தான் பங்கு அதிகம். ஸ்மித் 1951இல் கடனோடு இறந்தார். பெட்டியில் வெகுகாலம் வெய்ட்டின் பெயரும் பதிப்பாளர் பெயருமே இருந்தன.

இந்த வரலாற்றைத் திரட்டி நிறுவியவர் ஆக்ஸ்ஃபோர்டின் தருக்கவியல் அறிஞர் மைக்கேல் டம்மெட். 1980இல் வந்த அவர் நூல் எகிப்து, கபாலா எனும் யூத மறைஞானம், நாடோடிகள் என்ற எல்லா மூலக்கதைகளையும் ஆவணத்தோடு தள்ளிவிட்டது. டாரட் ஆதரவாளர்களில் படித்தவர்கள் இதை இப்போது ஏற்கிறார்கள். தோற்றம் பொய்யானால் பயனும் பொய்யாகாது என்பது அவர்கள் மறுமொழி. தருக்கப்படி அது சரிதான். ஆனால் அதைச் சொல்பவர் 'பண்டைய ஞானம்' என்ற சொல்லையும் கைவிட வேண்டும். சந்தையில் அப்படி யாரும் கைவிட்டதாகத் தெரியவில்லை.

சீட்டுக்குத் தெரியும் என்ற கட்சி

மறைஞான மரபின் பழைய விளக்கம், மேலுலகத்துக்கும் கீழுலகத்துக்கும் இடையே ஒப்புமைகள் உண்டு, சீட்டு அவற்றின் சுருக்கம் என்பது. இதைச் சோதிக்க வழியில்லை. எந்தச் சீட்டு விழுந்தாலும் ஓர் ஒப்புமை கிடைத்துவிடும். இருபதாம் நூற்றாண்டில் இதற்குப் புதிய உடை தந்தவர் உளவியலாளர் கார்ல் யுங். காரண காரியத் தொடர்பில்லாத இரு நிகழ்வுகள் பொருளால் இணைந்து ஒரே வேளையில் நேர்வதை அவர் 1952இல் ஒரு கோட்பாடாக முன்வைத்தார். சீன மாற்ற நூலான இ சிங்குக்கு அவர் எழுதிய முன்னுரை, குறி பார்ப்பதைப் படித்தவர்களிடையே மரியாதைக்குரியதாக்கியது. டாரட் குறித்து யுங் நேரடியாகச் சொன்னது மிகச் சொற்பம். யுங்கிய டாரட் என்று இன்று புழங்குவது பெரும்பாலும் பின்வந்தவர்கள் கட்டியது.

யுங்கின் கருத்திலுள்ள இடர் எளிது. பொருளால் இணைவது என்றால் யாருக்குப் பொருள்? பார்ப்பவர் மனமே பொருளைக் கற்பிக்கும்போது, இணைப்பு உலகத்தில் இருக்கிறதா, மனத்தில் இருக்கிறதா என்று பிரித்தறியும் அளவுகோலை அவர் தரவில்லை.

சோதித்துப் பார்த்தவர்கள்

அந்த அளவுகோலை உளவியலார் தேடினார்கள். 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் தம் மாணவர் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனி மதிப்பீடு என்று சொல்லி ஒரே பத்தியைக் கொடுத்தார். அதில் பல வரிகள் கடையில் வாங்கிய சோதிட நூலிலிருந்து எடுத்தவை. அது தமக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மாணவர் போட்ட சராசரி மதிப்பெண் 4.26. பொதுவான சொல்லைத் தனக்கே உரியதாக ஏற்கும் இந்த இயல்பு பின்னர் பலமுறை உறுதிப்பட்டது. இளமையில் கைரேகை பார்த்துச் சம்பாதித்த உளவியலாளர் ரே ஹைமன் இன்னும் விசித்திரமான ஒன்றைப் பதிவுசெய்தார். ஒரு நண்பரின் யோசனைப்படி, ரேகை காட்டியதற்கு நேர்மாறாகச் சொல்லிப் பார்த்தார். வந்தவர்கள் எப்போதும்போலவே வியந்து போனார்கள்.

டாரட்டையே நேரடியாகச் சோதித்தவர் சூசன் பிளாக்மோர். தாமே சீட்டுப் பார்த்துப் பழகியவர். 1983இல் வெளியான அவர் சோதனைகளில், பல வாசிப்புகளைக் கலந்து கொடுத்துத் தமக்குரியதை அடையாளம் காணச் சொன்னார். ஒருவரையொருவர் அறிந்தவர்களிடம் முதலில் சாதகமான முடிவு வந்தது. அறிமுகமில்லாதவர்களை வைத்துச் செய்தபோது அது மறைந்தது.

சீட்டுக்குத் தெரியுமா என்ற கேள்வி இங்கே ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. ஆனால் ஐயவாதிகள் இதையே முழு விடையாகக் கொள்வது அவசரம். ஒரு கூற்று எவருக்கும் பொருந்தும் என்பது அது எவருக்கும் பயனற்றது என்று காட்டாது. 'உன் இழப்பை நீ இன்னும் அழுது தீர்க்கவில்லை' என்பது ஆயிரம் பேருக்குப் பொருந்தலாம்; அந்த ஆயிரம் பேரும் அதைக் கேட்க வேண்டியவர்களாகவும் இருக்கலாம். துல்லியத்தை அளக்கும் கருவியால் ஆறுதலை அளக்க முடியாது.

துன்பத்தில் ஏன்?

நிச்சயமின்மை பெருகும்போது மந்திரமும் பெருகும் என்றார் மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி. டிரோபிரியாண்ட் தீவினர் அமைதியான உப்பங்கழியில் மீன்பிடிக்கச் சடங்கு செய்வதில்லை, ஆபத்தான கடலுக்குப் போகும்போது செய்கிறார்கள் என்பது அவர் கண்டது. 1991 வளைகுடாப் போரில் ஸ்கட் ஏவுகணைகள் விழுந்த இஸ்ரேலியப் பகுதிகளில், விழாத பகுதிகளைவிட மந்திரச் சிந்தனை மிகுந்திருந்ததை கியோரா கெய்னன் 1994இல் எழுதினார். 2008இல் சயன்ஸ் இதழில் வந்த விட்சன், கலின்ஸ்கி ஆய்வு, கட்டுப்பாடு இழந்ததாக உணர்பவர்கள் இல்லாத உருவங்களையும் காண்கிறார்கள் என்றது. இது பெரிதும் மேற்கோள் காட்டப்பட்டது. ஆனால் பின்னர் ஆய்வகத்தில் மறுபடி செய்தபோது அதே விளைவு வரவில்லை. மாலினோவ்ஸ்கியின் கருத்து சாகவில்லை. சற்றுத் தளர்ந்திருக்கிறது என்று சொல்லலாம்.

இன்னொரு தகவலும் அதைத் தளர்த்துகிறது. அமெரிக்க வயதுவந்தோரில் 30 விழுக்காட்டினர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சோதிடமோ டாரட்டோ குறியோ பார்ப்பதாகப் பியூ ஆய்வு மையம் 2025இல் தெரிவித்தது. டாரட் மட்டும் 11 விழுக்காடு. அவர்களில் பெரும்பாலோர் சொன்ன காரணம் வேடிக்கை. துயரத்தின் கடைசிப் புகலிடம் என்ற சித்திரம் சிறுபான்மைக்கே பொருந்துகிறது. வேடிக்கை என்று சொல்பவர் எல்லாரும் வேடிக்கைக்காகத்தான் பார்க்கிறார்களா என்பது தனிக் கேள்வி.

தன்னைத் தானே வாசித்தல்

1960களுக்குப் பின் டாரட் எழுத்தில் ஒரு பெரிய இடமாற்றம் நடந்தது. குறி என்ற சொல் பின்னுக்குப் போய், தன்னறிவு முன்னே வந்தது. ரேச்சல் போலக் 1980இல் வெளியிடத் தொடங்கிய விளக்க நூலும், மேரி கிரியர் 1984இல் வெளியிட்ட, தனக்குத்தானே சீட்டுப் பார்க்கும் பயிற்சி நூலும் இதன் மைல்கற்கள். பெண்ணிய இயக்கத்தின் பங்கும் பெரிது; 1981இன் 'மதர்பீஸ்' கட்டு சீட்டையே வட்டமாக்கி, அரசர்களையும் போப்பையும் இறக்கிவைத்தது. இந்தக் கட்சியின்படி சீட்டு எதையும் அறியாது. படம் கண்ணில் படும்போது எழும் நினைவையும் அச்சத்தையும் கேட்பவரே எடுத்துப் பேசுகிறார்.

ஐயவாதிக்கும் பக்தருக்கும் இது ஏற்புடைய சமரசமாகத் தெரிவதால், இப்போது டாரட்டைத் தற்காப்போர் பெரும்பாலும் இங்கேதான் நிற்கிறார்கள். எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. சீட்டு தற்செயலாக விழுந்தது என்று முழுமையாக ஒப்புக்கொண்டால், அதற்கு ஏன் கட்டுப்பட வேண்டும்? பிடிக்காத சீட்டை உள்ளே போட்டு வேறொன்றை எடுத்தால் என்ன? நடைமுறையில் அப்படிச் செய்யக் கூடாது என்றே பயிற்சி நூல்கள் சொல்கின்றன. அதாவது, அறியாது என்று சொன்ன சீட்டுக்கே அறிந்ததுபோல் மரியாதை தருகிறார்கள். அந்த மரியாதை இல்லாமல் பலன் வருமா என்பதை இந்தக் கட்சி நேராகச் சந்தித்ததில்லை.

சந்திக்க ஒரு வழி இருக்கிறது. 2010இல் மருத்துவ ஆய்வாளர் டெட் கப்சக்கின் குழு, குடல் எரிச்சல் நோயாளிகள் 80 பேரைப் பிரித்து ஒரு பகுதியினருக்கு மருந்தில்லா மாத்திரையை, மருந்தில்லை என்று சொல்லியே கொடுத்தது. எதுவும் பெறாதவர்களைவிட அவர்கள் கூடுதல் நிவாரணம் சொன்னார்கள். நம்பிக்கை இல்லாமலும் சடங்கு வேலை செய்யும் என்பதற்கு இது சான்றா? ஓரளவுதான். வெற்று மாத்திரை ஏன் பயன்தரும் என்று அவர்களுக்கு முன்பே விளக்கியிருந்தார்கள். ஒரு நம்பிக்கை போன இடத்தில் இன்னொன்று வந்திருக்கலாம்.

குறி பொய், வேலை மெய்

மானுடவியலார் கேள்வியையே மாற்றினார்கள். மத்திய ஆப்பிரிக்காவின் அசாண்டே மக்கள் கோழிக்குஞ்சுக்கு நஞ்சு கொடுத்து, அது பிழைக்கிறதா இல்லையா என்பதை வைத்து முடிவெடுத்தனர். எவன்ஸ்-பிரிட்சர்ட் தாமும் அவ்வாறே வீட்டுக் காரியங்களை நடத்திப் பார்த்து, வேறெந்த வழிக்கும் அது குறைந்ததாகத் தெரியவில்லை என்று எழுதினார். லாப்ரடார் பகுதியின் நாஸ்காபி வேடர்கள் கரிபூ மானின் தோள்பட்டை எலும்பைத் தீயில் வாட்டி, வெடிப்பு காட்டும் திசையில் போனார்கள். முன்பு வேட்டை கிடைத்த இடத்துக்கே திரும்பத் திரும்பப் போகும் பழக்கத்தை அந்தத் தற்செயல் உடைத்து, மான்கள் எச்சரிக்கையாவதைத் தடுத்திருக்கலாம் என்றார் ஒமர் கயாம் மூர், 1957இல். அழகான விளக்கம், ஆனால் அவர் களத்துக்குப் போனவரில்லை, எலும்பின் வெடிப்பு உண்மையிலேயே தற்செயலானதா என்பதும் பின்னர் கேள்விக்குள்ளானது.

தற்செயல் நம்மைத் தேங்கலிலிருந்து எழுப்பும் என்பதற்கு நவீனச் சான்றும் ஒன்று உண்டு. பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட், வேலையை விடுவதா, உறவை முறிப்பதா என்று முடிவெடுக்க முடியாமல் தவித்தவர்களை இணையத்தில் நாணயம் சுண்டவைத்தார். மாற்றம் செய் என்று நாணயம் சொன்னவர்கள் மாறியது அதிகம்; பெரிய முடிவுகளில் மாறியவர்கள் ஆறு மாதம் கழித்து, மாறாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொன்னார்கள். பங்கேற்றோர் தாமாக வந்தவர்கள், மகிழ்ச்சியும் அவர்கள் வாய்ச்சொல்லே என்ற வரம்புகளை மறக்கக் கூடாது.

இந்தக் கட்சியின் கருவைச் சங்க அகப்பாடல்கள் வெகு முன்பே தொட்டிருக்கின்றன. தலைவி மெலிகிறாள். தாய் கட்டுவிச்சியை அழைத்து நெல்லிட்டுக் குறி பார்க்கிறாள். வேலன் கழங்கு பார்த்து முருகு அணங்கியது என்கிறான். நோய் காதல் என்பது தோழிக்குத் தெரியும், வாசகருக்கும் தெரியும். குறி தவறு. ஆனால் அந்தத் தவறான குறிதான் தோழிக்கு வாய் திறக்க இடம் தருகிறது. குறுந்தொகையில் ஔவையாரின் அகவன் மகள் பாட்டில் தோழி செய்வது இதுதான்: குறிசொல்பவள் பாடிய மலையையே பிடித்துக்கொண்டு மறைத்த செய்தியை நகர்த்துகிறாள். டாரட்டுக்கும் கட்டுவிச்சிக்கும் வரலாற்று உறவு எதுவும் இல்லை. ஆனாலும் குறியின் உள்ளடக்கத்தையும் அது செய்யும் வேலையையும் இவ்வளவு நுட்பமாகப் பிரித்துக் காட்டிய இலக்கியம் அதிகமில்லை.

தடுத்தவர்கள்

மதத் தரப்பு ஒரே குரலில் பேசவில்லை. பங்கிடவும் முடிவெடுக்கவும் சீட்டுப்போடுவதற்குச் சில நிபந்தனைகளோடு இடம் தந்த இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், எதிர்காலம் அறியப் போடுவதைக் கண்டித்தார். கத்தோலிக்க மறைக்கல்வி நூல் இன்றும் எல்லா வகைக் குறியையும் நிராகரிக்கிறது. ஆயினும் 22 வெற்றிச்சீட்டுகளைக் கிறித்தவத் தியானப் பொருளாகக் கொண்டு பெயர் சொல்லாமல் எழுதப்பட்ட ஒரு பெருநூலுக்கு, கத்தோலிக்க இறையியலின் முதன்மையானவர்களில் ஒருவரான ஹன்ஸ் உர்ஸ் ஃபான் பல்தசார் முன்னுரை எழுதினார். அந்நூலில் எதிர்காலம் பேசப்படவில்லை. வழிகாட்டலையும் முன்னறிவிப்பையும் பிரிக்கும் கோடு சபைக்குள்ளேயே ஓடுகிறது.

சட்டம் பார்ப்பது பணத்தை. நியூயார்க்கில் கட்டணம் வாங்கிக் குறி சொல்வது, கேளிக்கை என்ற பெயரில் செய்தாலொழிய, இன்றும் குற்றம். துக்கத்தில் இருப்பவரிடம் சாபம் நீக்குவதாகப் பறிப்பது எங்கும் பழைய தொழில். பணம் மட்டுமே கேடும் அல்ல. குறி கேட்பதே அடிமைப்பழக்கமாகிவிட்ட ஒரு பெண்ணின் நோய்விவரத்தைப் பிரெஞ்சு மருத்துவர்கள் 2015இல் வெளியிட்டார்கள். நிச்சயமின்மையைத் தாங்கக் கற்பதற்குப் பதில், ஒவ்வொரு முறையும் அதைச் சற்று நேரம் அணைத்துவைப்பதே பழகிவிடும் ஆபத்து அதில் தெரிகிறது.

விரிப்பு என்ற வடிவம்

மேற்கண்ட கட்சிகள் பெரும்பாலும் சீட்டையே பேசுகின்றன. விரிப்பை, அதாவது எந்த இடத்தில் விழும் சீட்டு எந்தக் கேள்விக்கு விடை என்ற ஒழுங்கை, போதிய அளவு கவனிப்பதில்லை. கிளி எடுத்துத் தரும் ஒற்றைச் சீட்டுக்கும் டாரட்டுக்கும் உள்ள முக்கிய வேறுபாடே இதுதான். வெய்ட் தம் நூலில் வெளியிட்ட பத்துச் சீட்டு முறை இன்று 'கெல்டிக் சிலுவை' என்று உலகெங்கும் பரவியிருக்கிறது. கெல்டியருக்கும் அதற்கும் தொடர்பு காட்டும் ஆவணம் இல்லை. ஆனால் அதன் இடங்களைப் பாருங்கள். இப்போதைய நிலை, குறுக்கே நிற்பது, எட்டக்கூடிய சிறந்தது, அடியில் கிடப்பது, விலகிச் செல்வது, நெருங்கி வருவது, தான், தன்னைச் சூழ்ந்தோர், நம்பிக்கையும் அச்சமும், முடிவு. எதிர்காலத்தை நேராகத் தொடுபவை இரண்டே. மற்றவை, துயரத்தில் இருப்பவரிடம் கவனமுள்ள ஒரு மருத்துவரோ மூத்தவரோ கேட்கக்கூடிய கேள்விகள். நம்பிக்கையையும் அச்சத்தையும் ஒரே இடத்தில் வைத்தது, யார் செய்ததாயினும், மனித மனம் அறிந்தவர் செய்த காரியம்.

பயன் ஏதும் இருக்குமானால் அதன் பெரும்பங்கு இந்தக் கேள்வி ஒழுங்கிலும், ஒரு மணி நேரம் இடைமறிக்காமல் எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளிடமும் இருக்க வாய்ப்பு அதிகம் என்று கருதுகிறேன். துன்பத்தை எழுத்தில் ஒழுங்குபடுத்துவது நலம் தரலாம் என்று உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986 முதல் காட்டிவரும் ஆய்வுகள் இதற்கு மறைமுகமான துணை. அவற்றிலும் விளைவின் அளவு சிறிதே. ஸ்மித்தின் படங்கள் சேர்க்கும் பங்கு, தற்செயல் சேர்க்கும் பங்கு, சீட்டுக்கு ஏதோ தெரியும் என்ற மங்கலான எண்ணம் சேர்க்கும் பங்கு ஆகியவை இன்னும் பிரித்து அளக்கப்படவில்லை.

திறந்திருப்பவை

பிரித்தளப்பது கொள்கையளவில் கடினமல்ல. ஒரு குழுவுக்கு முழு டாரட் விரிப்பு. இன்னொன்றுக்குப் படமில்லாச் சீட்டோடு அதே பத்துக் கேள்விகள். மூன்றாவதற்குத் தற்செயலே இல்லாமல், படங்களைத் தாமே தெரிந்தெடுக்கும் உரிமை. நான்காவதற்குக் கேள்வியுமில்லாமல் அதே நேரம் காதுகொடுக்கும் ஒருவர். வாரங்கள் கழித்து உறக்கம், பதற்றம், எடுத்த முடிவுகள் ஆகியவற்றை ஒப்பிடலாம். திரும்பத் திரும்பச் சீட்டு விரிக்கத் தொடங்கியவர் எத்தனை பேர் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். நன்மை பேசும் எழுத்துகள் இந்தக் கணக்கை வைத்ததில்லை.

நடைமுறையில் இரு தடைகள் எழும். நம்பிக்கை உள்ளவர் தாமாகவே டாரட்டைத் தேடிப் போகிறார். குலுக்கலில் ஒரு குழுவுக்கு ஒதுக்கப்பட்டவரிடம் கிடைக்கும் முடிவு, அப்படித் தேடிப் போனவருக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. மேலும், இந்தக் கேள்வி யாரைப் பற்றி எழுந்ததோ அவர், புதிதாய்த் துணையை இழந்தவரோ உயிரை வெறுத்து நிற்பவரோ, இத்தகைய சோதனைகளில் சேர்க்கப்படுவதில்லை. அறமுறைக் குழுக்கள் அவரை முதலில் மருத்துவரிடம் அனுப்பும், அனுப்பவும் வேண்டும். எனவே கிடைக்கக்கூடிய சான்று பெரும்பாலும் சிறு கவலைகளோடு வாழ்பவர்களைப் பற்றியதாகவே இருக்கும். அவர்களிடம் கண்டதைக் கடுந்துயரில் இருப்பவருக்கு எவ்வளவு தூரம் நீட்டலாம் என்பதற்கு எந்தக் கட்சியிடமும் இப்போதைக்கு விடை இல்லை.